தூரம் என்னும் கோளாறு: ஒரு பொழுதுபோக்குப் புகைப்படக்காரரின் படங்கள் குறித்த நிகழ்வு ஆய்வு

கேமராவும் கையுமாக விடுமுறைகளைக் கழிக்கும் நண்பர் ஒருவர் தன் படங்கள் அனைத்தையும் ஒரு வன்தட்டில் போட்டு என்னிடம் தந்தார். பறவைகள், விலங்குகள், மலைகள், ஏரிகள், போன இடங்களில் பார்த்த மனிதர்கள் என்று எல்லாம் கலந்து கிடந்தன. புகைப்படம் அவருக்குத் தொழில் அல்ல. கணக்கு எழுதும் வேலையில் இருப்பவர். அவர் கேட்டது ஒரே கேள்வி: "400 மி.மீ. லென்ஸ் போதவில்லை, 600 மி.மீ. வாங்கினால் படங்கள் தேறுமா?" ஆம், இல்லை என்று ஒரு வார்த்தையில் அனுப்பியிருக்கலாம். கோப்புகளைத் திறந்து பார்க்கப் பார்க்க, மூன்று வகைப் படங்களிலும் ஒரே கோளாறு வெவ்வேறு வேடத்தில் வருவது தெரிந்தது. இதே கட்டத்தில் நிற்பவர்கள் பலர் இருப்பதால் விரிவாகவே எழுதிவிடலாம் என்று முடிவு செய்தேன். தன் பெயர் வேண்டாம் என்றார் அவர். ஊர்ப் பெயரும் வேண்டாம் என்று நானே சேர்த்துக்கொண்டேன். பறவை வந்து உட்காரும் இடத்தை ஊரறியச் சொல்லிவிட்டால் அடுத்த வாரமே அங்கே கூட்டம் கூடிவிடும்.

அவரிடம் இருந்தவை: 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி சென்சார் (35 மி.மீ. ஃபிலிம் சட்டகத்தைவிடச் சிறிய ஒளியுணரி) கேமரா, அதனோடு வந்த 18-55 மி.மீ. லென்ஸ், பிறகு ஆசைப்பட்டு வாங்கிய 100-400 மி.மீ. ஸூம். முக்காலியும் உண்டு, ஆனால் அது காரின் பின்பெட்டியை விட்டு இறங்கியதாகத் தெரியவில்லை. கருவிகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒவ்வொரு படக்கோப்போடும் ஷட்டர் வேகம், அப்பெர்ச்சர் (ஒளி நுழையும் துளை; எஃப் எண் கூடினால் துளை சிறியது), ஐஎஸ்ஓ (பதிந்த ஒளியைக் கேமரா பெருக்கிக் காட்டும் அளவு), குவியத்தூரம் (லென்ஸின் மி.மீ. எண்; அது கூடினால் தொலைவிலுள்ளது பெரிதாகத் தெரியும்) எல்லாம் பதிவாகிவிடுகின்றன. சில லென்ஸ்கள் ஃபோகஸ் செய்த தூரத்தையும் தோராயமாகக் குறித்து வைக்கும். இவருடைய 100-400 மி.மீ. ஸூம் அந்த ரகம். தேதிவாரியாக அடுக்கியிருந்த பறவைப் படங்களை நான் தூரவாரியாக மாற்றி அடுக்கினேன். நல்ல படம் என்று அவரே நட்சத்திரம் போட்டு வைத்திருந்தவை ஏறக்குறைய எல்லாமே பட்டியலின் கிட்டத்துப் பக்கமாக வந்து சேர்ந்தன. தொலைவுப் பக்கத்தில் ஒன்றிரண்டைத் தவிர நட்சத்திரமே இல்லை. விடையில் பாதி அங்கேயே கிடைத்துவிட்டது.

30 மீட்டரில் ஒரு மீன்கொத்தி

முதலில் எடுத்துக்கொண்டது சிறிய நீல மீன்கொத்தியின் படம். அலகு நுனியிலிருந்து வால் நுனி வரை 16 செ.மீ. இருக்கும் பறவை. பதிவான தூரம் 30 மீட்டர், குவியத்தூரம் 400 மி.மீ. மீதி பள்ளிக்கூடக் கணக்கு: 160-ஐ 400-ஆல் பெருக்கி 30,000-ஆல் வகுத்தால் சென்சாரில் பறவையின் நீளம் 2.1 மி.மீ. சென்சாரின் அகலம் 23.5 மி.மீ., அதில் 6,000 பிக்சல்கள். ஆகப் பறவைக்குக் கிடைத்தவை சுமார் 545. அதன் கண்ணுக்குக் குறுக்கே பதினைந்து பிக்சல் தேறினால் பெரிது. மற்றதெல்லாம் தண்ணீரும் நாணலும்தான்.

படத்தை முழு அளவில் திறந்தேன். முதுகின் நீலம் ஒரே பூச்சாக இருந்தது. உச்சந்தலையில் வரிவரியாகத் தெரிய வேண்டிய வெளிர்நீலப் புள்ளிகள் ஒன்றோடொன்று கரைந்திருந்தன. அலகின் விளிம்பு நேர்கோடாக இல்லாமல் லேசாக நெளிந்திருந்தது. லென்ஸ் மட்டம் என்று நண்பர் முடிவு கட்டியது இந்த நெளிவைப் பார்த்துத்தான். அடுத்தடுத்த படங்களைப் புரட்டியபோது நெளிவு இடம் மாறிக்கொண்டே இருந்தது. லென்ஸின் குறை என்றால் ஒவ்வொரு படத்திலும் அதே இடத்தில், அதே மாதிரி இருந்திருக்க வேண்டும். கை நடுங்கியிருந்தால் படம் முழுவதும் ஒரே திசையில் இழுபட்டிருக்கும். இரண்டும் இல்லை. குற்றவாளி காற்று.

சூடேறிய தரையிலிருந்து எழும் காற்றும் மேலே இருக்கும் குளிர்ந்த காற்றும் கலக்கும் இடத்தில் ஒளி வளைந்து வளைந்து வருகிறது. தார்ச்சாலையின் மேல் உச்சிவெயிலில் அலையடிப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கும்போதும் தொலைவைக் கிட்டே இழுக்கும் டெலி லென்ஸ் அதைப் பெரிதாக்கிப் பதிந்துவிடும். இதற்கு விலை உயர்ந்த லென்ஸ் மருந்தாகாது. விடிகாலையில் இது குறையும் என்று பொதுவாகச் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் குளிர்ந்த காலையில் ஏரித் தண்ணீர் காற்றைவிட வெதுவெதுப்பாக இருந்தால் நீர்ப்பரப்பின் மேலேயே இந்த அலை எழும். வெளியே குளிர் அடிக்கும்போது, ஹீட்டர் போட்ட காரின் சன்னல் வழியாக எடுத்தாலும் இதே கதை. இடையில் இருக்கும் காற்றைக் குறைப்பது ஒன்றே உறுதியான வழி.

இப்போது 600 மி.மீ. கேள்விக்கு வருவோம். அதே 30 மீட்டரில் 600 மி.மீ. போட்டால் பறவைக்கு சுமார் 815 பிக்சல்கள் கிடைக்கும். காற்றின் நெளிவும் அதே விகிதத்தில் பெரிதாகும். பழைய 400 மி.மீ. லென்ஸோடு 8 மீட்டருக்கு வந்தால் 2,000-க்கு மேல் கிடைக்கும். நெளிவு கிட்டத்தட்ட இருக்காது. கணக்கு எழுதுபவருக்கு இதை விளக்க எனக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

ஷட்டர் வேகமும் ஐஎஸ்ஓ பயமும்

தூரம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட்டால் படங்களுக்குச் சலுகை கொடுத்ததாகிவிடும். ஷட்டர் வேகம் பல படங்களில் 1/400 நொடி. குவியத்தூரம் எவ்வளவோ அதை ஒன்றின்கீழ் போட்டால் கை நடுக்கம் தெரியாது என்ற பழைய விதியை நம்பியிருக்கிறார். அது 35 மி.மீ. ஃபிலிம் காலத்து விதி. ஏபிஎஸ்-சி சென்சாரில் அதே கணக்கு 1/600-க்குப் போகும். 24 மெகாபிக்சல் படத்தை முழு அளவில் உற்றுப் பார்ப்பவருக்கு அதுவும் போதாது. லென்ஸில் நடுக்கத் தடுப்பு இருக்கிறதே என்றார். அது நம் கையின் நடுக்கத்தைத் தடுக்கும், பறவையின் அசைவைத் தடுக்காது. நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் போகும் பறவை 1/400 நொடியில் 25 மி.மீ. நகர்ந்துவிடும், 1/2000-ல் 5 மி.மீ. சிறகு நுனியின் வேகம் உடலைவிட அதிகம் என்பதால் அங்கே 5 மி.மீ. என்பதும் நடக்காத காரியம்.

வேகத்தை ஏன் கூட்டவில்லை? ஐஎஸ்ஓவைக் கண்டு பயம். 200-க்கு மேல் போனால் படம் புள்ளி புள்ளியாகிவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதனால் இருட்டாக எடுத்து, வீட்டுக்கு வந்து கணினியில் வெளிச்சம் கூட்டியிருக்கிறார். இந்தச் சிக்கனம் எனக்குச் சற்று எரிச்சலூட்டியது. புள்ளிகள் வருவது வெளிச்சம் குறைவாக விழுந்ததால். ஐஎஸ்ஓ எண் பெரிதானதால் அல்ல. குறைவான வெளிச்சத்தில் எடுத்துவிட்டுப் பிறகு கணினியில் இரண்டு மூன்று படி (ஒரு படி என்றால் வெளிச்சம் இருமடங்கு) தூக்கினால் புள்ளிகள் அப்படியே மேலே வரும், சில கேமராக்களில் கூடுதலாகவே வரும். ஐஎஸ்ஓ 1600-ல் சரியான வெளிச்சத்தோடு எடுத்த படம், 200-ல் எடுத்து மூன்று படி தூக்கிய படத்துக்கு எந்த வகையிலும் இளைத்தது அல்ல.

வெள்ளைக் கொக்குகளின் கதை வேறு. கருத்த தண்ணீரின் நடுவே வெண்கொக்கு நிற்கும்போது கேமராவின் அளவீடு இருட்டைப் பார்த்து இரக்கப்பட்டு வெளிச்சத்தைக் கூட்டிவிடும். கொக்கின் முதுகு சுண்ணாம்பாக வெளுத்து, ஒரு இறகுகூடப் பிரிந்து தெரியாது. வெளுத்துப்போன இடத்தில், சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பும் எதையும் மீட்டுத் தராது. ஒரு படியோ ஒன்றரைப் படியோ குறைத்து எடுத்துவிட்டு, படத்தின் இருட்டு வெளிச்சப் பங்கீட்டைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தின் வலது ஓரத்தில் கோடு முட்டுகிறதா என்று பார்த்தால் தீர்ந்தது. இதற்கும் தூரத்துக்கும் சம்பந்தமில்லை.

கிட்டே போவது எப்படி

சொல்வது எளிது. பறவைக்கும் ஒரு எல்லை உண்டு. அதைத் தாண்டினால் முதலில் மேய்வதை நிறுத்தும், தலையைத் தூக்கும், உடம்பைக் குறுக்கும், எச்சமிடும், பிறகு பறந்துவிடும். நண்பரின் தொடர்படங்களில் இந்த வரிசை அப்படியே பதிவாகியிருந்தது. ஒரு கொக்கை நோக்கி நேராக நடந்திருக்கிறார். ஒவ்வொரு படத்திலும் கொக்கின் கழுத்து இன்னும் கொஞ்சம் நீள்கிறது; கடைசிப் படத்தில் வால் மட்டும். அவர் பார்த்தது படம் பெரிதாவதை. கொக்கு பார்த்தது தன்னை நோக்கி ஒருவர் வருவதை.

தூரத்தை நடந்து குறைப்பதைவிட உட்கார்ந்து குறைப்பது நல்லது. நான் சொன்ன யோசனை இது: லென்ஸுக்கு எடுத்து வைத்த பணத்தைத் தொடாதீர்கள், ஒரு மடக்கு நாற்காலியும் மண் நிறத்தில் ஒரு துணியும் போதும். மீன்கொத்தி கண்ட கிளையில் எல்லாம் உட்காருவதில்லை. தண்ணீருக்கு மேல் நீண்டிருக்கும் சில கிளைகளுக்கும் முளைக்குச்சிகளுக்கும் திரும்பத் திரும்ப வரும். எது அந்தக் கிளை என்று தெரிந்துகொள்ளத் தொலைநோக்கிகூட வேண்டாம். கிளையிலும் கீழே இலைகளிலும் வெள்ளையாக எச்சம் வழிந்திருக்கும். பிடித்த மீனை அந்தக் கிளையிலேயே அடித்து, தலைப் பக்கம் திருப்பி விழுங்கும். அந்த இடத்துக்கு எதிரே, சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி, விடியும் முன்பே போய் மறைந்து உட்கார வேண்டும். பறவை வந்த பிறகு உள்ளே நுழைவதும், பறவை இருக்கும்போது எழுந்து வெளியேறுவதும் கூடாது.

இது புதிய யோசனை அல்ல. இங்கிலாந்தில் ரிச்சர்ட் கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் என்ற சகோதரர்கள் 1892-ல் முட்டைகளோடு ஒரு பறவைக்கூட்டைப் படம் எடுத்தார்கள். பறவைகளை நெருங்க வேண்டும் என்பதற்காக 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உள்ளீடற்ற பொய்மாடு ஒன்றைச் செய்து, அதன் வயிற்றுக்குள் கேமராவோடு புகுந்துகொண்டார்கள். அமெரிக்காவில் ஜார்ஜ் ஷைரஸ், நம் நண்பரைப் போலவே இதைத் தொழிலாகக் கொள்ளாதவர். வழக்கறிஞர், சிறிது காலம் நாடாளுமன்ற உறுப்பினர். இரவில் படகில் விளக்கோடு சத்தமின்றி மிதந்துபோய், கரையில் நிற்கும் மான்களை ஃபிளாஷ் வெளிச்சத்தில் எடுத்தார். விலங்கே கம்பியை இடறித் தன்னைப் படம் எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டையும் செய்தார். நேஷனல் ஜியாகிரஃபிக் இதழ் 1906 ஜூலையில் அவருடைய 74 படங்களை ஒரே இதழில் வெளியிட்டது. அவர்கள் காலத்து லென்ஸும் ஃபிலிமும் எவ்வளவு பலவீனமானவை என்பதை நினைத்துப் பார்த்தால், 400 மி.மீ. போதவில்லை என்ற புகார் கொஞ்சம் கூச்சம் தரும்.

நண்பர் உட்கார்ந்தார். முதல் சில காலைகள் வீண். கிளைக்கு வந்த மீன்கொத்தி, லென்ஸ் திரும்பிய உடனே போய்விட்டது. லென்ஸை முன்கூட்டியே கிளையை நோக்கிப் பூட்டி வைக்கவும், பறவை வந்த பிறகு விரலைத் தவிர வேறெதையும் அசைக்காமல் இருக்கவும் கற்றுக்கொண்டபின் படங்கள் வரத் தொடங்கின. அவற்றில் ஒன்றை என் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். பதிவான தூரம் 8 மீட்டர், 1/1000, எஃப்/5.6, ஐஎஸ்ஓ 1600. பழைய படத்தில் கரைந்து கிடந்த உச்சந்தலைப் புள்ளிகளை இதில் ஒவ்வொன்றாக எண்ணலாம். தொண்டையின் வெள்ளையில் இறகுகள் மயிரிழை மயிரிழையாகப் பிரிந்திருந்தன. அலகின் கீழ்ப்பாதி செம்மஞ்சள், பெண் பறவை. 30 மீட்டர் படத்தில் ஆணா பெண்ணா என்று சொல்லவே வழியில்லை.

கிட்டே வந்ததும் புதுத் தொல்லை ஒன்று முளைத்தது. 400 மி.மீ., எஃப்/5.6-ல் 30 மீட்டர் தூரத்தில் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய ஒன்றேகால் மீட்டர். 8 மீட்டரில் அது 9 செ.மீ.-தான். பறவை பக்கவாட்டில் இருந்தால் முழுவதும் தெளிவு. நம்மை நோக்கித் திரும்பினால் கண் தெளிவாக இருக்கும்போது வால் கரைந்துவிடும். எஃப்/8, எஃப்/11 என்று அப்பெர்ச்சரைச் சிறிதாக்கி எல்லாவற்றையும் தெளிவாக்கப் பார்த்தார். நான் தடுத்தேன். ஃபோகஸ் கண்ணில் இருக்கட்டும், வால் போனால் போகட்டும். விலங்கின் படத்தில் பார்ப்பவர் முதலில் தேடுவது கண்ணைத்தான். அதில் ஒளிப்புள்ளி ஒன்று இருந்துவிட்டால் மற்ற குறைகளைப் பெரும்பாலும் மன்னித்துவிடுவார்.

நாற்காலியில் ஒரு அனுகூலம் எதிர்பாராமல் கிடைத்தது. நின்று எடுத்த படங்களில் பறவைக்குப் பின்னால் இரண்டு மீட்டரில் இருக்கும் புல்லும் சேறும் விழுந்தன. உட்கார்ந்ததும் லென்ஸ் பறவையின் மட்டத்துக்கு இறங்கியது. பின்னணி எதிர்க்கரைக்குத் தள்ளிப்போய், பச்சை மூட்டமாகக் கரைந்தது. எனக்கும் பறவைக்கும் உள்ள தூரம் குறைய வேண்டும், பறவைக்கும் பின்னணிக்கும் உள்ள தூரம் கூட வேண்டும். இரண்டாவது தூரத்தைப் பற்றிப் பலரும் யோசிப்பதே இல்லை.

கைப்பிடிச் சுவருக்குப் பின்னாலிருந்து மலைகள்

நிலக்காட்சிப் படங்கள் எல்லாம் ஒரே உயரத்தில் எடுக்கப்பட்டிருந்தன: நிற்கும் மனிதனின் கண் உயரம். பெரும்பாலானவை காட்சிமுனைகளில், கைப்பிடிச் சுவரின் பின்னாலிருந்து, 18 மி.மீ.-ல் எடுத்தவை. நேரில் மலை பிரமாண்டமாக இருந்தது, படத்தில் எறும்புப் புற்றுபோல் இருக்கிறதே என்று குறைபட்டார். அகலக்கோண லென்ஸ் தொலைவில் இருப்பதைச் சுருக்கி, காலடியில் இருப்பதைப் பெருக்கிக் காட்டும். காலடியில் ஒன்றுமே இல்லாவிட்டால் படத்தின் கீழ்ப்பாதி முழுவதும் வெறும் மண்.

இங்கேயும் மருந்து அதேதான்: ஏதாவது ஒன்றின் அருகே போக வேண்டும். ஒரு பாறை, நீரோடையின் வளைவு, காய்ந்த மரக்கட்டை, எதுவானாலும் சரி. அதற்கு ஒரு மீட்டர் அருகில், இடுப்பளவு உயரத்தில் கேமராவை இறக்கினால் பாறைக்கும் மலைக்கும் இடையில் உள்ள வெளி படத்துக்குள் வந்துவிடும். பொருள்களின் ஒப்பளவை நிர்ணயிப்பது நாம் நிற்கும் இடம் மட்டுமே. லென்ஸை மாற்றுவது அந்தக் காட்சியில் எவ்வளவு பகுதியை வெட்டி எடுப்பது என்பதைத்தான் மாற்றுகிறது. ஸூம் வளையத்தைத் திருப்புவதும் நாலு அடி நடப்பதும் ஒன்று என்று நினைக்கும்வரை நிலக்காட்சி கைவராது.

பாறையும் மலையும் ஒருசேரத் தெளிவாக வேண்டும் என்று எஃப்/22 வைத்திருக்கிறார். மிகச் சிறிய துளை வழியே போகும் ஒளி பரவும். எஃப்/22-ல் ஒரு புள்ளி சென்சாரில் சுமார் 30 மைக்ரான் (மி.மீ.-ல் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) வட்டமாக விழும். அவருடைய சென்சாரில் ஒரு பிக்சல் 4 மைக்ரான். ஆக எல்லாமே தெளிவாக இருப்பதற்குப் பதிலாக எல்லாமே சற்று மங்கலாக இருந்தன. எஃப்/8-லிருந்து எஃப்/22-க்குப் போனால் மூன்று படி வெளிச்சம் போய்விடுகிறது; 1/60 இருந்த இடத்தில் 1/8 வரும். முக்காலி காரிலேயே இருக்க, 1/8-ல் கையில் பிடித்து எடுத்தால் என்ன வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. 18 மி.மீ. லென்ஸில் எஃப்/8 வைத்து 2 மீட்டரில் ஃபோகஸ் செய்தால், ஒரு மீட்டரிலிருந்து அடிவானம் வரை தெளிவாக விழும். இந்த ஒரு எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளச் சொன்னேன். பாறை இன்னும் அருகில் வந்தால் எஃப்/11, ஒன்றரை மீட்டர்.

ஒளியைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. விடியலிலும் அந்தியிலும் எடுக்க வேண்டும் என்பது அவருக்கே தெரியும். வானத்தின் நீலத்தை ஆழமாக்கும் போலரைசர் வடிகட்டி வாங்கி வைத்து, சூரியனை முதுகில் வைத்துக்கொண்டு, வானம் கருநீலமாகவில்லையே என்று திருகிக்கொண்டிருந்தார். அது சூரியனுக்குச் செங்குத்தான திசையில்தான் முழுமையாக வேலை செய்யும். மிக அகலமான லென்ஸில் போட்டால் வானத்தின் ஒரு பகுதி மட்டும் கருத்துத் திட்டாகத் தெரியும் என்பதையும் எச்சரித்து வைத்தேன்.

விலகிப் போக வேண்டிய இடம்

அருகே போ, அருகே போ என்று சொல்லிக்கொண்டிருந்த எனக்கு நிலாப் படங்கள் எதிர்வாதம் செய்தன. ஒற்றை மரத்தின் பின்னால் முழுநிலா எழும் படம் அவருக்கு வேண்டும். மரத்தடிக்கே போய் 18 மி.மீ.-ல் எடுத்திருக்கிறார்; நிலா நாற்பது பிக்சல் பொட்டாக விழுந்திருக்கிறது. வானில் நிலாவின் அகலம் சுமார் அரை பாகை. நாம் எங்கே நின்றாலும் அது மாறாது. மரத்தின் அளவு மட்டும்தான் நம் நடைக்குக் கட்டுப்படும். 10 மீட்டர் உயர மரம் நிலாவின் அளவுக்கே தெரிய வேண்டுமென்றால் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேலே தள்ளி நிற்க வேண்டும். பாதித் தூரத்துக்கு வந்தால் மரம் நிலாவைப்போல இருமடங்கு உயரம். ஆக இந்தப் படத்தில் தூரம் கோளாறாக இல்லாமல் கருவியாகிவிடுகிறது. 400 மி.மீ.-ல் நிலா சென்சாரில் மூன்றரை மி.மீ. வரும், காற்றின் நெளிவையும் சேர்த்தே வாங்கிக்கொள்ள வேண்டும்.

நிலா வெள்ளைத் தட்டாக வெளுத்திருந்தது இன்னொரு குறை. நிலா இரவில் தெரிந்தாலும் அது வெயிலில் கிடக்கும் பாறை. வானில் உயர்ந்துவிட்ட முழுநிலாவுக்கு எஃப்/11, ஐஎஸ்ஓ 200 என்றால் ஷட்டர் 1/200 அளவில் போதும். அடிவானத்தில் மங்கலாக இருக்கும்போது கூடுதலாகத் தரலாம். ஒரு நொடி திறந்து வைத்தால் 400 மி.மீ.-ல் நிலா ஏழெட்டு பிக்சல் நகர்ந்துவிடும்.

நிலாவின் வெளிச்ச அளவை மனத்தில் வைத்திருந்ததன் பலன் என்ன என்பதற்கு அமெரிக்க நிலக்காட்சிப் புகைப்படக்காரர் ஆன்செல் ஆடம்ஸின் ஒரு படம் சாட்சி. நியூ மெக்சிகோவில் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரின் கல்லறைச் சிலுவைகள் கடைசி வெயிலில் மின்ன, மேலே நிலா எழுந்திருந்தது. வண்டியை நிறுத்தி 8x10 அங்குலக் கேமராவைப் பூட்டிய ஆடம்ஸுக்கு ஒளிமானி கைக்கு அகப்படவில்லை. நிலாவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது நினைவில் இருந்தது. அதை வைத்து மனத்திலேயே கணக்குப் போட்டு எடுத்தார். இரண்டாவது படம் எடுப்பதற்குள் சிலுவைகளிலிருந்து வெயில் இறங்கிவிட்டது. எடுத்த நாளை அவர் சரியாகக் குறித்து வைக்கவில்லை. நிலாவின் இடத்தைக் கொண்டு கணக்கிட்டு 1941 நவம்பர் 1 என்று பிற்பாடு வானியல் அறிந்தவர்கள் கண்டுபிடித்தார்கள். கணக்கு எழுதும் நண்பருக்கு இந்தக் கதை மிகவும் பிடித்துப்போனது.

மனிதர்கள்

பயணப் படங்களில் மனிதர்கள் எல்லோரும் 300, 400 மி.மீ.-ல் எடுக்கப்பட்டவர்கள். தெருவின் மறுபக்கத்திலிருந்து, அவர்கள் அறியாமல். எதிலும் கண் கேமராவைச் சந்திக்கவில்லை; முகத்தைச் சுற்றி இருக்க வேண்டிய கடை, சன்னல், வேலை செய்யும் கை எதுவும் படத்துக்குள் வரவில்லை. இயல்பாக இருக்க வேண்டும் என்பதற்காக அப்படி எடுத்தேன் என்றார். எனக்கு அது ஒப்புதல் இல்லை. முன்பின் தெரியாதவரிடம் பேசத் தயங்குவதை லென்ஸால் மறைப்பது அது. இரண்டு வார்த்தை பேசி, எடுக்கலாமா என்று கேட்டு, 35 மி.மீ. வாக்கில் வைத்து ஒன்றரை மீட்டரில் நின்றால் ஆளும் வருவார், அவர் இடமும் வரும். அதைவிட மிக நெருங்கினால் மூக்கு பெரிதாகும். வேண்டாம் என்று சொன்னால் கேமராவைத் தாழ்த்திவிட வேண்டும்.

நெருக்கத்துக்கும் எல்லை

நெருங்கச் சொல்பவன் எங்கே நிற்க வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். தொகுப்பில் கூட்டில் குஞ்சுகளின் படம் ஒன்று இருந்தது. கூட்டுக்கு முன்னால் இருந்த இலைகள் ஒதுக்கப்பட்டிருந்தது தெளிவாகத் தெரிந்தது. அந்த இலைகள் வெயிலையும் காக்கையையும் தடுக்க இருந்தவை. படத்தை நீக்கச் சொன்னேன், நீக்கினார். எரிக் ஹாஸ்கிங் என்ற புகழ்பெற்ற ஆங்கிலேயப் பறவைப் புகைப்படக்காரர் 1937-ல் ஆந்தைக் கூட்டின் அருகே ஒரு ஆந்தையின் நகத்தால் ஒரு கண்ணை இழந்தார். அதற்குப் பிறகும் அவர் பல ஆண்டுகள் பறவைகளை எடுத்தார் என்பது வேறு விஷயம். கூடு என்பது காட்சிப்பொருள் இல்லை என்பதற்கு இதைவிடக் கடுமையான எடுத்துக்காட்டு தேவையில்லை.

இரை வைத்து வரவழைப்பது, பதிவு செய்த குரலைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டு ஆண்பறவையைச் சண்டைக்கு இழுப்பது, பழக்கிய விலங்கைக் காட்டு விலங்கு என்று காட்டுவது எல்லாமே தூரத்தைக் குறுக்குவழியில் கடப்பவை. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் காட்டுயிர்ப் புகைப்படப் போட்டியில் 2009-ல் முதல் பரிசு பெற்றது, வேலிக் கதவைத் தாண்டிக் குதிக்கும் ஓநாயின் படம். அது பழக்கப்பட்ட ஓநாயாக இருக்கக்கூடும் என்று நடுவர்கள் கருதி 2010 ஜனவரியில் அதை விலக்கினார்கள். எடுத்தவர் குற்றச்சாட்டை மறுத்தார். ஒளியமைப்பிலும் கணநேரத் துல்லியத்திலும் அந்தப் படத்தில் குறை காண்பது கடினம். இரவில் ஓநாய்க்கு அத்தனை அருகே கேமராவைக் கொண்டுபோனது எப்படி என்பதே அங்கே வழக்கானது.

இப்போதைய நிலை

சில மாதங்கள் கழித்துப் புதிய படங்களையும் அதே மாதிரித் தூரவாரியாக அடுக்கிப் பார்த்தேன். 20 மீட்டருக்கு அப்பால் எடுத்தவை வெகுவாகக் குறைந்துவிட்டன. எடுத்த படங்களின் மொத்த எண்ணிக்கையும் குறைந்திருந்தது, நட்சத்திரங்கள் கூடியிருந்தன. அச்சிடும்போது வித்தியாசம் இன்னும் அப்பட்டம். அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற கணக்கில் பழைய மீன்கொத்தியை வெட்டி எடுத்தால் நாலரை செ.மீ. அகலத்துக்கு மேல் தாங்காது; தபால்தலை ஒட்டலாம். புதியதை வெட்டாமல் முழுச் சட்டகத்தோடு அப்படியே ஏ3 தாளில் போட்டிருக்கிறார்.

தீராத ஒன்று இருக்கிறது: தண்ணீரில் பாயும் மீன்கொத்தி. பாய்வதற்கு முன் பறவை தலையை மேலும் கீழும் அசைத்துக் குறிபார்க்கும். அது தெரிந்தும், விரல் அழுத்துவதற்குள் கிளை காலியாகிவிடுகிறது. அவருடைய கேமரா நொடிக்கு எடுக்கும் படங்களும் ஆட்டோஃபோகஸின் வேகமும் இதற்குப் போதவில்லை என்பது உண்மை. பொத்தானை முழுதாக அழுத்துவதற்கு முந்தைய கணங்களையும் சேமித்துத் தரும் கேமராக்கள் இன்று வந்துவிட்டன; இந்த ஒரு படத்துக்குப் புதுக் கருவி கேட்டால் நான் மறுக்க மாட்டேன். அதுவரை கிளையில் ஃபோகஸ் செய்வதை விட்டுவிட்டு, பறவை வழக்கமாக நீரிலிருந்து வெளிப்படும் இடத்தில் ஃபோகஸை முன்கூட்டியே நிறுத்தி, 1/3200-ல் தொடர்படமாக எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். இதுவரை வந்தவற்றில் நீர்த்திவலைகள் நன்றாக விழுந்திருக்கின்றன, பறவைதான் சட்டகத்துக்கு வெளியே.